பல்பு ஏன் எரியவில்லை? 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல் சோதனைகளில் பிழை நீக்கும் வழிமுறை

வகுப்பில் சோதனை சொதப்பினால், “எரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பாடத்தை நகர்த்திவிடுவது வழக்கம். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு வழி தோன்றாதுதான். ஆனால் கோளாறு எங்கே என்று அவர்கள் கண்முன் தேடும் பத்து நிமிடம், புத்தகத்தில் உள்ள விடையை எழுதிப்போடுவதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். அதற்கு இரண்டு கட்டுப்பாடு போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன், என்ன நடக்கும் என்று பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. மின்சாரப் பகுதி மற்றவற்றைவிட நீளம். வகுப்பில் அதிகம் காலை வாருவது அதுதான். எல்லாச் சோதனைக்கும் 1.5 வோல்ட் செல் போதும், ஓரிடத்தில் மட்டும் 9 வோல்ட். பிளக்கில் வரும் 230 வோல்ட் மட்டுமல்ல, பைக் பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும்கூட வகுப்பறைக்குள் வரக் கூடாது. அவற்றின் வோல்ட் குறைவுதான், ஆனால் ஷார்ட் ஆனால் பாயும் ஆம்பியர் கம்பியைப் பழுக்க வைத்துவிடும்.

பல்பு எரியவே இல்லை

முதலில் சுற்றைப் பாதியாக வெட்டுங்கள். ஹோல்டர், சுவிட்ச், நீளக் கம்பி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு பல்பையும் செல்லையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல்பின் அடியில் உள்ள ஈயப் பொட்டை செல்லின் குமிழ் மேல் வையுங்கள். ஒரு சிறு கம்பியின் ஒரு முனையை செல்லின் தட்டையான அடிப்பகுதியிலும் மறு முனையை பல்பின் உலோகப் பக்கத்திலும் தொடுங்கள். எரிந்தால் பல்பும் செல்லும் நல்லவை. கோளாறு நீங்கள் ஒதுக்கி வைத்த பொருள்களில் இருக்கிறது. எரியாவிட்டால் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கிறது.

எரியாத பல்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இழை நன்றாக இருந்தால் பல்பின் உலோகப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். டார்ச் பல்பில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்றோ 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர் என்றோ இருக்கும். 3.8 வோல்ட் பல்பை ஒரே செல்லில் மாட்டினால் இழை மங்கிய சிவப்பில் மட்டும் கனியும், பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. உள்ளங்கையைக் குவித்து மறைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு செல் வேண்டும். அவசரத்தில் 9 வோல்ட் பேட்டரியை மாட்டினால் 2.5 வோல்ட் பல்பு ஒரு மின்னலோடு போய்விடும்.

செல்லைச் சோதிக்கும்போது மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். தீர்ந்துபோன செல்லும் சும்மா இருக்கையில் 1.3, 1.4 வோல்ட் காட்டும். பல்பை இணைத்த நிலையிலேயே செல்லின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். அப்போது 1 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தச் செல் சுவர்க் கடிகாரத்துக்குத்தான் ஆகும்.

இவை சரியென்றால் கம்பி. மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய செம்புக் கம்பி வெறும் கம்பி போலப் பளபளக்கும், ஆனால் மேலே எனாமல் பூச்சு இருக்கும். அது மின்சாரத்தை விடாது. இரு முனைகளிலும் 2 செ.மீ. நீளத்துக்கு உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, இளஞ்சிவப்புச் செம்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு மறுபக்கத்தைத் தொட வைப்பது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஹோல்டரில் அடியில் உள்ள பித்தளை நாக்கு அமுங்கிப்போய் பல்பின் பொட்டைத் தொடாமல் இருக்கும். செல்லைக் கழற்றிவிட்டு நாக்கைச் சற்று மேலே நிமிர்த்துங்கள். அட்டையில் சேப்டி பின்னும் டிராயிங் பின்னும் குத்திச் செய்த சுவிட்ச் என்றால், பிளாஸ்டிக் தொப்பியோ வண்ணப்பூச்சோ உள்ள பின்னை மாற்றி வெறும் உலோகப் பின் போடுங்கள்.

இரண்டு செல் வைத்தும் எரியவில்லையா? ஒன்று தலைகீழாக இருக்கலாம். 1.5 வோல்ட்டும் எதிரெதிரே நின்றால் மிச்சம் பூஜ்யம். மூன்று செல்லில் ஒன்று திரும்பியிருந்தால் 1.5 வோல்ட்தான் கிடைக்கும், பல்பு மங்கலாக எரியும். இதை வேண்டுமென்றே ஒரு குழுவுக்குச் செய்து கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கை எடுத்தால் அணைகிறது, அழுத்தினால் எரிகிறது

விரலால் கம்பியைப் பிடித்திருக்கும் சோதனை ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. சைக்கிள் பஞ்சர் கடையில் பழைய டியூப் கேளுங்கள். அதை 1 செ.மீ. அகலப் பட்டைகளாகக் குறுக்கே வெட்டினால் நல்ல இறுக்கமான ரப்பர் வளையம் கிடைக்கும். கம்பியின் முனையைச் சுருட்டி, அதற்கும் செல்லுக்கும் நடுவே நான்காக மடித்த அலுமினியத் தாள் துண்டு ஒன்றை வைத்து, வளையத்தை நீளவாக்கில் மாட்டுங்கள். செலோ டேப் ஒட்டினால் சில நேரம் டேப்பே கம்பிக்கும் செல்லுக்கும் நடுவே புகுந்துகொள்ளும்.

தொடரிணைப்பில் ஒரு பல்பு எரிகிறது, மற்றது இருட்டாக இருக்கிறது

வகுப்பில் உடனே ஒரு குரல் எழும்: “முதல் பல்பே கரண்டைக் குடிச்சிருச்சு சார்.” இந்த எண்ணம் ஆழமாக வேர்விட்டது; வாயால் மறுத்தால் போகாது. இரண்டு பல்புகளையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் முன் எது எரியும் என்று கை தூக்க வையுங்கள். முதலில் நிற்பது குடித்துவிடுகிறது என்றால், இப்போது முதலில் வந்த பல்புதான் எரிய வேண்டும். ஆனால் முன்பு எரிந்த அதே பல்புதான் எங்கே வைத்தாலும் எரியும்.

காரணம் பல்புகளில் பொறித்த எண்ணில் இருக்கிறது. வோல்ட் அளவு ஒன்றேயாக இருந்து, ஒன்று 0.1 ஆம்பியர், மற்றது 0.3 ஆம்பியர் என்றால், 0.1 ஆம்பியர் பல்பின் மின்தடை அதிகம். இரண்டிலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. அது 0.1 ஆம்பியர் பல்பின் இழையைச் சூடேற்றப் போதும், 0.3 ஆம்பியர் பல்புக்குப் போதாது. ஆகவே தொடரிணைப்புப் பாடத்துக்கு ஒரே பெட்டியில், ஒரே எண் உள்ள பல்புகளாக வாங்குங்கள். அந்த இரண்டு வேறுபட்ட பல்புகளையும் தூக்கி எறிய வேண்டாம். மேலே சொன்ன இடமாற்றத்துக்கு அவை பொக்கிஷம்.

பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு மங்கினால், கோட்பாடு பிழையில்லை, செல் பழசு. செல்லின் உள்மின்தடை கூடிவிட்டது. புதுச் செல் போட்டால் மங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும்.

எல்.இ.டி. எரியவில்லை

சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் 3. ஒரே செல்லில் எதுவும் எரியாது. நீளக் கால் நேர்முனை. திருப்பி மாட்டினாலும் எரியாது. பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றே என்று சற்று முன் படித்த பிள்ளைகளுக்கு இது குழப்பும். சிவப்பு எல்.இ.டி.யை இரண்டு செல்லில் மாட்டினால் 100 ஓம், 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 470 ஓம் மின்தடையைத் தொடரில் போடுங்கள்.

உப்பு நீரில் மின்சாரம் பாயும் என்றீர்கள், பல்பு எரியவில்லை

பாய்கிறது, ஆனால் பல்புக்கு 0.3 ஆம்பியர் வேண்டும். ஒரு டம்ளர் உப்பு நீர் வழியே இரண்டு செல் தள்ளும் மின்னோட்டம் அதைவிட மிகக் குறைவு. எல்.இ.டி. சில மில்லி ஆம்பியரிலேயே ஒளிரும். ஆனால் இங்கே இரண்டு செல் போதாது. தண்ணீரில் மின்னாற்பகுப்பு நடக்கவே ஒன்றரை, இரண்டு வோல்ட் போய்விடும், எல்.இ.டி.க்கு இன்னும் 1.8 வேண்டுமே. எனவே 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம், சிவப்பு எல்.இ.டி. என்று வரிசையாக இணைத்து, மின்முனைகளாகப் பென்சிலின் கரியை வையுங்கள். இரு முனைகளுக்கும் இடையே 1 செ.மீ. போதும்.

காய்ச்சி வடித்த நீரிலும் லேசாக எரிந்தால் டம்ளரும் மின்முனையும் முந்தைய கரைசலைச் சுமந்து வந்திருக்கின்றன. அந்த நீரிலேயே இரண்டு முறை அலசிவிட்டுத் தொடங்குங்கள். வரிசையும் முக்கியம்: வடித்த நீர், சர்க்கரைக் கரைசல், குழாய் நீர், எலுமிச்சைச் சாறு, கடைசியில் உப்பு. உப்பு நீரில் நேர்முனையில் சிறிது குளோரின் வரும். ஒரு நிமிடத்துக்குமேல் விடாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

மின்காந்தம் குண்டூசியை இழுக்கவில்லை; அல்லது இழுத்தது விட மறுக்கிறது

மூன்று அங்குல இரும்பாணி, 26 கேஜ் எனாமல் கம்பி, 80 முதல் 100 சுற்று. இழுக்காவிட்டால் முதலில் கம்பி முனைகள். அடுத்து, சுற்றின் திசை. பிள்ளைகள் ஆணியின் நுனிவரை சுற்றிவிட்டு, திரும்பி வரும்போது எதிர்த்திசையில் சுற்றுவார்கள். போன சுற்றும் வந்த சுற்றும் ஒன்றையொன்று அழித்துவிடும். நுனியை அடைந்த பிறகும் கை அதே திசையில்தான் சுழல வேண்டும். மூன்றாவது, ஆணி. துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் பலவற்றைக் காந்தம் தொடவே தொடாது. நிலைக்காந்தம் ஒன்றை ஆணியில் ஒட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள்.

செல்லைக் கழற்றிய பிறகும் குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தால் அது கான்கிரீட் ஆணி போன்ற கடின எஃகு. எஃகு காந்தத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும். சாதாரண ஆணியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடாமல் அடுப்புச் சாம்பலிலேயே மெல்ல ஆறவிட்டால் மென்மையாகும், ஒட்டுவது குறையும். இதை வகுப்புக்கு முந்தைய நாளே நீங்கள் செய்து வையுங்கள்.

கம்பி சுடுகிறது என்று பிள்ளைகள் கையை உதறுவார்கள். நூறு சுற்றுக்குச் சுமார் ஒன்றரை மீட்டர் கம்பி போகும். அதன் மின்தடை 0.15 ஓம் அளவில்தான். இது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். ஐந்து விநாடி இணை, எண்ணு, கழற்று என்று பழக்குங்கள். தொடர்ந்து மாட்டி வைத்தால் சில நிமிடத்தில் செல் படுத்துவிடும், அடுத்த குழுவுக்கு ஒன்றும் இருக்காது.

கம்பியில் மின்சாரம் போகிறது, காந்த ஊசி திரும்பவில்லை

மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் டென்மார்க் அறிஞர் ஆர்ஸ்டெட் கண்டார். வகுப்பில் இது தோற்பதற்கு முதல் காரணம் கம்பியின் கிடப்பு. கம்பி கிழக்கு மேற்காக இருந்தால் அதன் காந்தப்புலம் வடக்கு தெற்காக அமையும். ஊசி ஏற்கெனவே அப்படித்தான் நிற்கிறது. அது திரும்பக் காரணமே இல்லை. ஊசியை முதலில் நிலைக்கவிட்டு, அதற்கு இணையாக, நேர் மேலே கம்பியைப் பிடியுங்கள்.

இரண்டாவது காரணம் மின்னோட்டம் போதாமை. கணக்கைப் பாருங்கள். 2 ஆம்பியர் ஓடும் கம்பிக்கு 1 செ.மீ. கீழே 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலம் உண்டாகும். தமிழ்நாட்டில் புவிக்காந்தத்தின் கிடைக்கூறும், அதாவது தரைக்கு இணையான பகுதியும், ஏறத்தாழ 40தான். இரண்டும் சமம், எனவே ஊசி 45 டிகிரி திரும்பும். சுற்றில் பாதுகாப்புக்கு என்று ஒரு பல்பைச் சேர்த்தால் 0.3 ஆம்பியர்தான் ஓடும். புலம் 6 மைக்ரோடெஸ்லா, திருப்பம் 8, 9 டிகிரி. பின்வரிசைக்கு அது தெரியவே தெரியாது. பல்பை எடுக்காமலே சரிசெய்யலாம்: காந்தப்பெட்டியைச் சுற்றிக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். சுற்றும் வடக்கு தெற்காகவே போக வேண்டும்.

ஊசி வடக்கையே காட்டாமல் அலைந்தால் இரும்பு மேசைக் கால், கைப்பேசி, ஸ்பீக்கர், பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஆகியவற்றைத் தூர விலக்குங்கள்.

சுண்ணாம்பு நீர் பால் நிறமாகவில்லை

பெரும்பாலும் சுண்ணாம்பு பழசு. திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். அது நீரில் கரையாது. நிறம் சேர்க்காத, ஈரமான வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு லிட்டர், நன்றாகக் குலுக்கி இரவு முழுக்க வையுங்கள். லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம் அளவுக்குத்தான் கரையும், மிச்சம் அடியில் தங்கும். அதனால் அதிகம் போட்டு ஆவது ஒன்றுமில்லை. மேலே தெளிந்ததை வடிகட்டி, பாட்டிலின் வாய்வரை நிரப்பி மூடுங்கள். மஞ்சள் தடவிய தாளை நனைத்தால் உடனே சிவக்க வேண்டும். சிவக்காத நீரை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சோதனைக் குழாயில் 10 மி.லி. எடுத்து, உறிஞ்சு குழல் வழியே மெதுவாக ஊதச் சொல்லுங்கள். உறிஞ்சக் கூடாது என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். குழல் என்றாலே பிள்ளைகளுக்கு உறிஞ்சும் ஞாபகம்தான் வரும். பால் நிறமானது மறுபடி தெளிந்துவிட்டால் அதிகம் ஊதிவிட்டார்கள். கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறியது. இதைத் தவறு என்று கொட்டிவிடாமல், கொதிக்க வைத்துக் காட்டுங்கள்: மீண்டும் கலங்கும்.

மஞ்சள் தாளும் செம்பருத்தியும் சரியாக நிறம் காட்டவில்லை

சமையல் சோடாவில் மஞ்சள் தாள் அரைகுறையாகத்தான் மாறும். சமையல் சோடாக் கரைசலின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.3 சுற்றியே இருக்கும், மஞ்சள் நிறம் மாறுவதும் அந்த எல்லையில்தான். துணி துவைக்கும் சோடாவோ சுண்ணாம்பு நீரோ எடுத்தால் பளிச்சென்று சிவக்கும். ஆரத்தித் தட்டின் சிவப்பும் இதே மஞ்சளும் சுண்ணாம்பும்தான் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். அந்தத் தட்டில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள், பிழிந்தும் பாருங்கள்.

மஞ்சள் தாள் அமிலத்துக்கும் வெறும் தண்ணீருக்கும் ஒரே நிறம்தான் காட்டும். “மாறவில்லை, எனவே அமிலம்” என்று எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். அதற்குத்தான் செம்பருத்தி: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. பத்து இதழைச் சூடான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் போதும். மறுநாள் அந்தச் சாறு பழுப்பாகிவிடும், அன்றன்றே தயாரியுங்கள்.

மெழுகுவத்தி மேல் கவிழ்த்த டம்ளரில் நீர் ஏறியது, ஆனால் குழுவுக்குக் குழு வேறு உயரம்

இந்தச் சோதனையின் கோளாறு வேறு வகை. நடப்பது சரியாக நடக்கிறது, சொல்லும் காரணம்தான் தவறு. “ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது, அந்த இடத்தில் நீர் ஏறியது” என்று சொல்லிக்கொடுப்பது பரவலாக இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்துப் பாருங்கள், நீர் இன்னும் மேலே ஏறும். ஆக்சிஜன் அதே டம்ளர் அளவுதானே இருக்கிறது?

டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடர் காற்றைச் சூடாக்கி விரிய வைக்கிறது, ஒரு பகுதி ஓரத்தில் குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்குகிறது, நீர் சட்டென்று ஏறுகிறது. ஏறுவது அணைந்த பிறகுதான் என்பதைப் பிள்ளைகளை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் தீர்ந்ததால் ஏறினால், எரியும்போதே சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டும். தவிர, ஆக்சிஜன் 16 விழுக்காடு அளவுக்குக் குறைந்ததுமே மெழுகுவத்தி அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்கு ஈடாக, அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கார்பன் டை ஆக்ஸைடும் வந்துவிடும்.

ஐந்தில் ஒன்றை உண்மையிலேயே காட்ட வேண்டுமென்றால் இரும்பு துருப்பிடிக்க வேண்டும். லேத் பட்டறையில் இரும்புத் துருவல் வாங்கி, எண்ணெய் போகச் சோப்பு நீரில் கழுவி, வினிகரில் ஒருமுறை அலசுங்கள். சோதனைக் குழாயின் அடியில் அடைத்து, நீர்த் தொட்டியில் தலைகீழாக நிறுத்தி, நூலால் மட்டத்தைக் குறியிட்டு மூன்று நான்கு நாள் விடுங்கள். 15 செ.மீ. குழாயில் ஏறத்தாழ 3 செ.மீ. ஏறி நின்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் பளபள எஃகு நார் இதற்கு ஆகாது, அது துருப்பிடிக்காத வகை.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கவில்லை

வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் 100க்கு மேலும் காட்டும். தொடாமல், நீரின் நடுவில் தொங்கவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு முடிவது. கொதிநீரில் வைத்தால் வெடிக்கும். மலைப்பகுதிப் பள்ளி என்றால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும்.

“கம்பளி சூடு கொடுக்கும்” என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்

“இரும்பில் குளிர்ச்சி அதிகம், மரத்தில் குறைவு” என்பதும் இதே நோயின் இன்னொரு அறிகுறி. ஒரே அறையில் கிடந்த எவர்சில்வர் தட்டிலும் மரப்பலகையிலும் வெப்பமானியை வைத்தால் ஒரே எண் காட்டும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்போது ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்து, தட்டில் ஒன்று, பலகையில் ஒன்று வையுங்கள். எது முதலில் உருகும்? “குளிர்ந்த” தட்டில்தான் ஐஸ் அதிக நேரம் இருக்கும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். தட்டில் உள்ளது கண்ணெதிரே வேகமாக உருகும்.

அடுத்து கம்பளி. இரண்டு கட்டிகளையும் தனித்தனிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, ஒன்றைக் கம்பளியில் நாலு மடிப்பாகச் சுற்றுங்கள், மற்றதைத் திறந்து வையுங்கள். பையில் போடாவிட்டால் கம்பளி நனைந்து பாதி வேலை கெடும். இருபது நிமிடம் கழித்துப் பிரித்து, உருகிய நீரை அளவுக் குவளையில் ஊற்றுங்கள். கட்டி பெரியதா சிறியதா என்று கண்ணால் பார்ப்பதைவிட மில்லி லிட்டரில் சொல்வது வாதத்தை முடிக்கும். கம்பளியில் இருந்த பையில் நீர் குறைவாக இருக்கும். வித்தியாசம் தெரியவில்லை என்றால் கட்டி மிகச் சிறியது அல்லது சுற்று தளர்வு. டம்ளரில் நீர் ஊற்றி உறைய வைத்த பெரிய கட்டியாக எடுங்கள், ஐஸ் தட்டின் சிறு கட்டிகள் வேண்டாம்.